மாடி வீட்டுக் குடம்

ராயபுரத்துக்கு வந்த மூன்றாம் நாளே
ரோடெல் காட்டுப்பள்ளிக்கு
கிரேன் பார்க்கப் போய்விட்டான்.
கம்பெனி கொடுத்த தாளில் எங்கள் விலாசம்
பழைய எண், புது எண்,
அடைப்புக்குள் ஒரு மருந்துக்கடையின் பெயர்.
எது சரி என்று தபால்காரரிடம் காட்டினேன்.
மூன்றையும் தொட்டுத் தலையாட்டினார்.

மீன் எனக்குத் தெரியும். அதுதான் சிக்கல்.
காசிமேட்டுக் கூடைகளில் கிடந்தவை எல்லாம்
இலோய்லோவில் என் கையால் அரிந்தவை,
பெயர்தான் வேறு.
வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவள்
தெரியாததற்குத் தயாராகித்தான் வருவாள்.
தெரிந்த கருவாட்டு வாசனை
தெரியாத ஜன்னல் வழியே ஏறி வந்தால்
என்ன செய்ய?
கீழ்வீட்டில் அது வதங்கிய மத்தியானம்
ஒரு மணி நேரம் குளியலறையில் உட்கார்ந்திருந்தேன்.
ரோடெலிடம், தண்ணீர் நின்றுவிட்டது என்றேன்.

பொய்யும் இல்லை.
லாரி திங்களும் வியாழனும் வரும்.
எத்தனை மணிக்கு என்பது லாரிக்கே தெரியாது.
முந்தின இரவே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும்,
மனுஷிகள் பிறகு.
எங்கள் குடம் பச்சை.
தெருவில் இன்னும் பதினாறு பச்சை.
ஞானசௌந்தரி அதன் கழுத்தைத் திருப்பி
நெயில் பாலிஷால் இரண்டு எழுத்துப் போட்டாள்.
என் பெயரா என்று சைகையில் கேட்டேன்.
"மாடின்னு போட்ருக்கேன். அவ்ளோதான்."

அன்றிலிருந்து நான் மாடி.
"மாடி, உன் கொடம் நவுருது பார்."
"மாடி, இன்னா இன்னைக்கி கொயம்பு?"
மரீட்டெஸ் பால்மரேஸ் என்பவள்
வாடகைப் பத்திரத்தில் மட்டும் குடியிருந்தாள்,
அங்கேயும் ஓர் எழுத்துக் குறைவாக.

யார் வீட்டுப் பிள்ளைக்கோ புதுநன்மை.
தெருவை அடைத்துப் பந்தல்.
கையை நீட்டி இலையை மறைத்தேன்,
கைமேலேயே விழுந்தது பிரியாணி.
எதிரே இருந்த பையன் சொல்லிக் கொடுத்தான்:
போதும்.
சொன்னேன். வாளி நகர்ந்தது.
ஒரு சொல்லால் ஓர் ஆளை நிறுத்த முடிந்தது
இந்த ஊரில் அதுதான் முதல் தடவை.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி கரண்ட் இல்லை.
ரோடெல் இருட்டில் சொன்னான்,
ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம்,
கையெழுத்துப் போட்டாயிற்று.
எங்கள் பாஷையில் சண்டை போட்டோம்,
எல்லாக் கெட்ட வார்த்தையும்
ஊரிலிருந்து கொண்டுவந்ததுதான்.
அவன் விளக்கம் சொன்னான், சம்பளம் சொன்னான்,
மறுபடி விளக்கம் சொன்னான்.
"போதும்!" என்று கத்தினேன்.

இருவருமே திகைத்துப் போனோம்.
கீழே யாரோ இருமலை அடக்கிக்கொண்டார்கள்.
அவன் இல்லாத வாளியைச் சாய்த்து
இல்லாத கரண்டியை நீட்டி,
"கொஞ்சம்மா... கொஞ்சூண்டு," என்றான்.
சிரித்திருக்கலாம்.
சிரிக்கவில்லை.

காலையில் லாரி.
வீங்கிய முகத்தோடு இறங்கினேன்.
யாரும் எதுவும் கேட்கவில்லை,
என் குடத்தை மட்டும் எட்டு இடம் முன்னால் தள்ளிவிட்டார்கள்.
குழாயைப் பிடித்தபடி ஞானசௌந்தரி சொன்னாள்,
"ரெண்டு வர்சம் தானே, ஓடிடும்."

உனக்கு எப்படித் தெரியும்?

"ஆரோக்கியராஜ் அண்ணன்கிட்ட
உன் வூட்டுக்காரர் போன மாசமே கேட்டுட்டாரே,
வீடு இன்னும் ரெண்டு வர்சத்துக்கு வேணும்னு.
தமிழ்லயே கேட்டாரு, பாவம், வேர்த்துக் கொட்டி."

தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது,
மருந்துக்கடைக்கும் தெரிந்திருக்கும்.
எனக்குத்தான் கடைசியில்.
குடத்தை இடுப்பில் ஏற்றினேன்,
அவன்மேல் ஒரு கோபம், இவர்கள்மேல் ஒரு கோபம்.
பாதித் தண்ணீரைப் படிகள் குடித்தன.

ஞானசௌந்தரி பின்னாலேயே வந்து குரல் கொடுத்தாள்,
பாலிஷ் உரிந்துவிட்டதாம்,
அடுத்த லாரிக்குள் மறுபடி எழுத வேண்டுமாம்.
குப்பியை நீட்டினாள்.
அவள் எழுதட்டும் என்று குடத்தைத் திருப்பவில்லை.
கீழே வைத்தேன், குந்தினேன்,
கோபம் தீராமலே கேட்டேன்:
டி-க்குக் கொக்கி எந்தப் பக்கம்?